அரபுத்தமிழும் திறன்பேசித் திரையும்: வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்துக்கான செயலி வடிவமைப்பு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் இடமிருந்து வலமாக எழுதப்படும் மொழி என்னும் எண்ணம் திறன்பேசிச் செயலிகளின் அடிப்படை அமைப்பிலேயே பதிந்துள்ளது. அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழாகிய அரபுத்தமிழ் இவ்வெண்ணத்துக்குள் அடங்குவதில்லை. அரபுத்தமிழ் நூல்களைத் திறன்பேசியில் பதிப்பிக்க முற்படும் ஆய்வாளர் எதிர்கொள்ளும் திசைச் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது. ஒருங்குறியின் இருதிசைப் படிமுறை தமிழ் எழுத்தையும் தமிழ் எண்ணையும் சுவடி எண்ணையும் எவ்வாறு கையாள்கிறது என்பதும், திரையின் திசையை நூலின் திசையிலிருந்து பிரித்து அமைக்க வேண்டியதன் தேவையும் எடுத்துக்காட்டுகளுடன் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அரபுத்தமிழ், அர்வி, ஒருங்குறி, இருதிசைப் படிமுறை, செயலி வடிவமைப்பு, மின்பதிப்பு, உருது

முன்னுரை

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் வாழ்ந்த தமிழ் முஸ்லிம்கள் தம் தாய்மொழியாகிய தமிழை அரபு எழுத்தில் எழுதும் மரபைப் பல தலைமுறைகளாகப் பேணி வந்தனர். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என அறியப்படும் இமாமுல் அரூஸ் செய்யிது முகம்மது ஆலிம் (1816–1898) இயற்றிய ‘மகானி’, ‘பத்ஹுத் தையான்’ ஆகியவை இம்மரபின் பரவலாக அறியப்பட்ட நூல்கள். குர்ஆனை ஓதக் கற்ற ஒருவர், தமிழ் நெடுங்கணக்கைப் பயிலாமலே தமிழ் நூல்களைப் படிக்க இவ்வெழுத்து வழிவகுத்தது. பெண்களின் சமயக் கல்வியில் இதன் பங்கு குறிப்பிடத்தக்கது. இருபதாம் நூற்றாண்டில் தமிழ் எழுத்தில் அச்சு பரவியபோது அரபுத்தமிழின் வழக்குச் சுருங்கியது. இன்று அதனைச் சரளமாகப் படிப்போர் குறைவு.

இந்நூல்களைப் பதிப்பிக்க விரும்பும் ஆய்வாளர் பலர் திறன்பேசிச் செயலியையே நாடுகின்றனர். படிப்பவர் கையில் இருப்பது திறன்பேசியே என்பதால் அது இயல்பானது. ஆயின், செயலியை உருவாக்கும் கருவிகள் முதலில் கேட்கும் வினா ‘மொழி எது?’ என்பதாகும். ‘தமிழ்’ என விடையிறுத்த அக்கணமே, திரை இடமிருந்து வலமாகச் செல்லும் என்று கருவி முடிவு செய்துவிடுகிறது. பின்னர் எழும் சிக்கல்களுட் பல இம்முடிவிலிருந்து பிறப்பவை.

இக்கட்டுரையில் இடமிருந்து வலமாகச் செல்வது ‘இடவலம்’ என்றும், வலமிருந்து இடமாகச் செல்வது ‘வலவிடம்’ என்றும் சுருக்கிக் குறிக்கப்படுகின்றன.

திசை எழுத்துமுறையைச் சார்ந்தது

ஒரு மொழி ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துமுறைகளில் எழுதப்படுவது இந்தியாவில் புதிதன்று. அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள சிந்தி, அரபு எழுத்திலும் தேவநாகரியிலும் எழுதப்படுகிறது. முதலாவது வலவிடம், இரண்டாவது இடவலம். பஞ்சாபி இந்தியாவில் குர்முகியிலும் பாகிஸ்தானில் சாமுகியிலும் வழங்குகிறது. மலையாளத்துக்கு அரபி மலையாளமும் சுரியானி மலையாளமும் உண்டு. சுரியானி மலையாளத்துக்கெனத் தேவைப்பட்ட 11 எழுத்துகள் 2017இல் வெளிவந்த ஒருங்குறி 10.0 பதிப்பில் இடம்பெற்றன. ஒரே எழுத்துமுறைக்குள்ளும் திசை எப்போதும் நிலைத்திருந்ததில்லை. ஆந்திரத்தின் எர்ரகுடியிலுள்ள அசோகன் கல்வெட்டில் பிராமி எழுத்து சில வரிகளில் வலமிருந்து இடமாகத் திரும்பிச் செல்வதைக் கல்வெட்டறிஞர் அறிவர்.

கணினித் தரநிலைகள் இவ்வுண்மையை ஏற்றே அமைந்துள்ளன. மொழிக் குறியீட்டுக்கான பிசிபி 47 தரநிலை, மொழிக்குறியை அடுத்து எழுத்துமுறைக்குறியைச் சேர்க்க இடமளிக்கிறது. தமிழுக்குரிய இரண்டெழுத்துக் குறியோடு, ஐஎஸ்ஓ 15924இல் அரபு எழுத்துக்கு உரிய நான்கெழுத்துக் குறியை இணைத்தால் ‘அரபு எழுத்தில் தமிழ்’ என்னும் பொருள் கிடைக்கும். ஆண்ட்ராய்டு உள்ளிட்ட பல தளங்கள் பயன்படுத்தும் ஐசியூ நிரலகம், எழுத்துமுறைக்குறி வெளிப்படையாக இருப்பின் அதனைக் கொண்டே திசையை முடிவு செய்கிறது. குறி இல்லாதபோது அம்மொழிக்குப் பெரும்பான்மையாக வழங்கும் எழுத்துமுறையை ஊகித்துக்கொள்கிறது. எனவே ‘தமிழ்’ என்று மட்டும் குறித்தால் இடவலம், ‘தமிழ், அரபு எழுத்து’ என்று குறித்தால் வலவிடம். தரநிலையில் குறை இல்லை. முழுக்குறியை எழுதாமல் விடுவதே குறை.

நடைமுறைத் தடை ஒன்று உண்டு. திறன்பேசியின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, அரபுத்தமிழ் இல்லை. ஆகவே பயனர் கருவியின் அமைப்புகளில் அதனைத் தேர்ந்தெடுக்க முடியாது. செயலிக்குள்ளேயே எழுத்துமுறைத் தேர்வு ஒன்றை வைப்பது இன்றியமையாதது.

ஒரு தொடர் சிதையும் விதம்

திசைச் சிக்கலின் உள்ளியக்கத்தை விளங்கிக்கொள்ள அரபுத்தமிழை விட்டுச் சற்று விலகி, தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலைக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உருது பேசுவோர் உள்ளனர். அவர்களுக்கென ஒரு பயணச் செயலி உருதுவில் அமைக்கப்படுவதாகக் கொள்வோம். தொடர்கள் உருது எழுத்தில் இருக்க, ஊர்ப்பெயர்கள் மட்டும் தமிழ்த் தரவுத்தளத்திலிருந்து தமிழ் எழுத்திலேயே வந்து பொருந்துகின்றன. ‘அரூர் ஸே தீர்த்தமலை 16 கிலோமீட்டர் ஹை’ என்பது தொடர். இதில் ‘தீர்த்தமலை’ மட்டும் தமிழ் எழுத்தில் உள்ளது, ஏனைய சொற்கள் உருது எழுத்தில் உள்ளன.

உருது வாசகர் வலப்புறத்தில் தொடங்குவார். ஆதலால் திரையில், இடப்புறத்திலிருந்து நோக்கின், ‘ஹை கிலோமீட்டர் 16 தீர்த்தமலை ஸே அரூர்’ என்னும் வரிசை அமைய வேண்டும். ஆனால் திரையில் தோன்றுவது ‘ஹை கிலோமீட்டர் தீர்த்தமலை 16 ஸே அரூர்’ என்பதே. 16 என்னும் எண் ‘கிலோமீட்டர்’ என்னும் சொல்லை விட்டு விலகி ஊர்ப்பெயரின் மறுபுறம் போய்விட்டது.

இது மென்பொருட் பிழையன்று. ஒருங்குறியின் இருதிசைப் படிமுறை தன் விதிப்படியே நடந்துகொண்டது. அப்படிமுறை ஒவ்வொரு குறியுருவுக்கும் ஒரு திசைவகையை வழங்குகிறது. தமிழ் எழுத்துகள் வலுவான இடவல வகையின. அரபு, உருது எழுத்துகள் வலுவான வலவிட வகையின. 0 முதல் 9 வரையிலான பொது எண்கள் வலுக்குறைந்தவை. தமக்கு முன்னுள்ள வலுவான எழுத்தைச் சார்ந்து நிற்பவை. இடைவெளியும் நிறுத்தக்குறிகளிற் பலவும் நடுநிலையானவை. மேற்கண்ட தொடரில் 16க்கு முன்னுள்ள வலுவான எழுத்து ‘தீர்த்தமலை’யின் ‘லை’. எனவே எண் தமிழ்ச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஒரே இடவலத் துணுக்காயிற்று. எழுத்தைச் சார்ந்து நிற்கும் எண்ணுக்கு, அடுத்த சொல்லோடுள்ள பொருள் உறவு தெரியாது.

இதற்கான தீர்வு 2013இல் ஒருங்குறி 6.3 பதிப்பில் வந்தது. ஒரு சொல்லைச் சூழலிலிருந்து தனிமைப்படுத்தும் கட்புலனாகாத குறிகள் அப்பதிப்பில் சேர்க்கப்பட்டன. ‘தீர்த்தமலை’யின் முன்னும் பின்னும் இக்குறிகளை இட்டால், படிமுறை அச்சொல்லை ஒரு மூடிய பெட்டியாகக் கருதும். 16 பெட்டியைத் தாண்டிப் பின்னோக்கி ‘ஸே’ என்னும் உருதுச் சொல்லைச் சார்ந்துகொள்ளும், வரிசை சரியாகும். தரவுத்தளத்திலிருந்து எடுத்துத் தொடருக்குள் செருகப்படும் எந்தப் பெயரையும் இவ்வாறு பொதிந்தே செருக வேண்டும். ஆண்ட்ராய்டில் இதற்கெனவே ‘பைடிஃபார்மேட்டர்’ என்னும் துணைக்கருவி உள்ளது.

அடைப்புக்குறிகளின் கதையும் இதனை ஒத்ததே. வலவிடத் தொடரின் இறுதியில் ‘தீர்த்தமலை (தருமபுரி)’ என வந்தால், பழைய விதியின்படி மூடும் அடைப்பு மட்டும் தனித்துப் பிரிந்து வரியின் இடக்கோடிக்குச் சென்று முகம் திருப்பி நின்றது. அடைப்புக்குறிகளை இணையாகக் கருதும் விதி அதே 6.3 பதிப்பில் சேர்ந்தபின் இது பெரிதும் நீங்கியது.

தமிழ் எண்களும் சுவடி எண்களும்

பதிப்பாசிரியர் கவனிக்க வேண்டிய நுண்மை ஒன்று இங்கு உள்ளது. 1, 2, 3 ஆகிய பொது எண்கள் வலுக்குறைந்தவை எனக் கண்டோம். ௧, ௨, ௩ ஆகிய தமிழ் எண்களோ ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளைப் போலவே வலுவான இடவல வகையில் வைக்கப்பட்டுள்ளன. பாடல் எண்களைத் தமிழ் எண்களால் குறிப்பது பதிப்பாசிரியர் பலர்க்கு விருப்பமானது. மரபை மதிப்பதும் ஆகும். ஆயின் அரபுத்தமிழ்ப் பத்தியின் தலையில் ‘௧.’ என இட்டால் விளைவு வேறு. ஒரு பத்தியின் திசையை வெளிப்படையாகக் கூறாதபோது, அதன் முதல் வலுவான எழுத்தைக் கொண்டே செயலி திசையை ஊகிக்கிறது. ‘1.’ என்று தொடங்கினால் எண்ணைத் தாண்டி முதல் அரபு எழுத்தைக் கண்டு பத்தி வலவிடமாகும். ‘௧.’ என்று தொடங்கினால் முழுப்பத்தியும் இடவலமாகிவிடும். வரிகள் இடப்புற ஓரத்தோடு ஒட்டும். பத்தியை முடிக்கும் புள்ளி, வாசகர் வரியைத் தொடங்கும் வலப்புறத்தில் போய் நிற்கும். ‘குறிப்பு:’ எனத் தமிழ் எழுத்தில் தொடங்கும் பத்திக்கும் இதே கதி நேரும். ஊகத்தை நம்பாமல் ஒவ்வொரு பத்திக்கும் திசையை வெளிப்படையாகக் குறிப்பதே தக்கது.

சுவடி எண்கள் இதனினும் நுட்பமான இடரை விளைவிப்பவை. ஒரு நூலகத்தின் சுவடி எண் 2317-4 எனக் கொள்வோம். அரபு எழுத்துச் சொல்லை அடுத்து இதனை எழுதினால் திரையில் 4-2317 என்றே தோன்றும். அரபு எழுத்தை அடுத்துவரும் பொது எண்களைப் படிமுறை அரபு எண் வகையாக மாற்றிக்கொள்கிறது; அவ்வகை எண்களை இணைக்கும் ஆற்றல் சிறுகோட்டுக்கு இல்லை; எனவே இரண்டு எண்களும் தனித்தனியே வலமிருந்து இடமாக அடுக்கப்படுகின்றன. காலவரம்புக்கு இது பொருந்தும். 1816-1898 என்பது திரையில் 1898-1816 எனத் தோன்றினும், வலப்புறத்தில் தொடங்கும் வாசகர் 1816ஐயே முதலிற் காண்பார். சுவடி எண்ணுக்கோ இது பொருந்தாது. 2317-4ஐ 4-2317 எனக் கண்டு குறித்துக்கொள்ளும் ஆய்வாளர் நூலகத்தில் வேறொரு சுவடியைக் கேட்பார், அல்லது அவ்வாறு ஒன்று இல்லை என்னும் விடையைப் பெறுவார்.

சிறுகோட்டுக்குப் பதில் சாய்கோடு இருந்து 2317/4 என எழுதப்பட்டால் வரிசை மாறாது. சாய்கோடு ஒரே வகை எண்களை இணைக்கவல்லது. மேலும், அதே 2317-4 தமிழ் எழுத்துச் சொல்லை அடுத்து வந்தாலும் மாறாது. ஆகவே ஒரே பக்கத்தில் ஒரே எண் ஓரிடத்தில் நேராகவும் பிறிதோரிடத்தில் புரண்டும் தோன்றக்கூடும். கோப்பில் சேமிக்கப்பட்ட எழுத்து வரிசை இரண்டிடத்தும் ஒன்றே. மெய்ப்புப் பார்ப்பவர் கோப்பைத் திருத்தி எண்ணைப் ‘சரிசெய்ய’ முனைந்தால் உண்மையான பிழை அப்போதுதான் நுழையும். சுவடி எண், தொலைபேசி எண் ஆகியவற்றை இடவலத் தனிமைக்குறிகளுக்குள் வைப்பதே முறை.

திரையின் திசையும் நூலின் திசையும்

2012இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.2 முதல் திரையமைப்பு முழுவதையும் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பும் வசதி உள்ளது. ஐஓஎஸ் 9 பதிப்பில், 2015இல், ஆப்பிளும் இதனைத் தன் கருவிகளின் இயல்பாக்கியது. இவ்வசதி செயற்பட ஒரு முன்நிபந்தனை உண்டு. உறுப்புகளின் இடத்தை ‘இடப்புறம்’, ‘வலப்புறம்’ எனக் குறிக்காமல், ‘தொடக்கப்புறம்’, ‘முடிவுப்புறம்’ எனக் குறிக்க வேண்டும். அவ்வாறு குறித்தால் இடவல மொழியில் தொடக்கம் இடப்புறமாகவும் வலவிட மொழியில் வலப்புறமாகவும் தானே மாறிக்கொள்ளும். பின்செல்லும் அம்புக்குறி திரும்பும். கடிகாரப் படம் திரும்பாது. ஒலிப்பதிவை இயக்கும் முக்கோணமும் திரும்பக்கூடாது, அது எழுத்தின் திசையைச் சுட்டுவதன்று.

இவ்வளவும் வடிவமைப்பாளர் கையேடுகளில் கிடைப்பவை. அரபுத்தமிழ்ப் பதிப்புக்கு உரிய வினா இதனைத் தாண்டியது: நூல் வலவிடம் என்பதால் செயலியின் திரை முழுவதையும் திருப்ப வேண்டுமா? அரபுத்தமிழ் நூலை ஆராய்வோருட் பெரும்பாலோர் பட்டியல்களையும் பொத்தான்களையும் தமிழ் எழுத்தில் படிப்பவர்கள். அவர்களுக்குத் திரையைத் திருப்பினால் தமிழ்ப் பட்டியல் வலப்புறம் ஒட்டி நிற்கும், வசதியொன்றும் விளையாது. திரையின் திசை இடைமுகத்தின் எழுத்தைப் பின்பற்ற வேண்டும். பாடத்தின் திசை நூலின் எழுத்தைப் பின்பற்ற வேண்டும். இரண்டையும் ஒரே அமைப்பால் ஆளுவது தவறு என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இடையில் நிற்கும் ஒன்று பக்கம் புரட்டுதல். அரபுத்தமிழ் நூல் வலப்புறத்திலிருந்து திறப்பது. அடுத்த பக்கம் இடப்புறத்தில் உள்ளது. கல்லச்சுப் பதிப்பின் ஒளிப்படங்களைக் காட்டும் செயலி, தமிழ் இடைமுகத்துக்குள்ளும் பக்கங்களை வலவிடமாகவே புரட்டச் செய்ய வேண்டும். இல்லையேல் எதிரெதிர்ப் பக்கங்களின் உறவு குலையும். ஒரு பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை எழுதிவைக்கும் சுவடி வழக்கமும் பொருளிழக்கும்.

சொல்லுக்குச் சொல் எழுத்துப்பெயர்ப்பு

அரபுத்தமிழ் வரியின் கீழ் ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் எழுத்துவடிவைத் தருவது கற்போருக்கு மிகப் பயன்படும். இங்கே இரு திசைகளும் நேருக்கு நேர் மோதுகின்றன. மேல்வரியின் சொற்கள் வலமிருந்து அடுக்கப்பட்டவை. அவற்றின் நேர்கீழே தமிழ் வடிவங்களை வைத்தால், ஒவ்வொரு சொல்லும் உள்ளே இடவலமாகவும், சொற்களின் வரிசை வலவிடமாகவும் அமையும். ‘நான் நேற்று வந்தேன்’ என்பது ‘வந்தேன் நேற்று நான்’ எனக் கண்ணுக்குப் படும். தமிழில் சொல்வரிசை ஓரளவு நெகிழ்வுடையதாதலால், புரண்ட தொடரும் சிலபோது இயல்பான தொடர்போலவே தோன்றிவிடும். வாசகர் ஏமாறுவதற்கு இதனினும் வேறு வேண்டுவதில்லை.

ஒவ்வோர் அரபுத்தமிழ்ச் சொல்லையும் அதன் தமிழ் வடிவையும் ஒரு பெட்டியாகக் கட்டி, பெட்டிகளை வலவிடமாக ஓடவிடுவதே தொழில்நுட்ப முறையில் தூய வழி. வரி மடியும்போதும் இணை பிரியாது. ஆனால் தொடர்ந்து படிப்பதற்கு இது ஏற்றதன்று. சொல்லைத் தொட்டால் அதன் இணைக்குறிப்புத் தோன்றுமாறும், தொடர் முழுவதன் தமிழ் வடிவமும் தனி வரியாகக் கீழே இடவலத்தில் வருமாறும் அமைப்பது மேலானது. அகன்ற திரையில் இருபத்தி அமைப்பு அழகாயிருக்கும். திறன்பேசியின் குறுகிய திரையில் பத்திக்குக் கீழ்ப் பத்தியாக அடுக்குவதே படிக்க இயலுவது.

எழுத்துருவும் வரியுயரமும்

அரபு நெடுங்கணக்கில் இல்லாத ட, ப, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு, அரபுத்தமிழ் நெருங்கிய அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி வடிவங்களை ஆக்கிக்கொண்டது. எகர ஒகரங்களுக்கும் தனி உயிர்க்குறிகளை அமைத்தது. பொதுவழக்கு அரபு எழுத்துரு ஒவ்வொன்றிலும் இவ்வடிவங்கள் இருக்கும் எனக் கொள்ள இயலாது. இல்லாத எழுத்தைக் கருவி வேறோர் எழுத்துருவிலிருந்து எடுத்து நிரப்பும். அரபு எழுத்துகள் முன்பின் எழுத்துகளோடு இணைந்து வடிவம் மாறுபவை; இரவல் எழுத்தின் இருபுறமும் அவ்விணைப்பு அறுந்துபோகக்கூடும். தேவையான எழுத்துகள் அனைத்தும் உள்ள ஓர் எழுத்துருவைச் செயலியோடு சேர்த்தே வழங்குவது பாதுகாப்பானது. எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டும் அலங்கார அமைப்பை அரபு எழுத்தின்மேல் ஏற்றக்கூடாது. அதுவும் இணைப்பை உடைக்கும்.

நவீன அரபு அச்சில் உயிர்க்குறிகள் பெரும்பாலும் விடப்படும். அரபுத்தமிழிலோ அவையின்றிப் படிக்க இயலாது. மேலும் கீழும் குறிகள் அடுக்கப்படுவதால் வரியின் உயரத்தை நிலையான அளவில் வைத்தால் மேற்குறிகள் வெட்டுண்ணும்; ஓர் உயிர்க்குறி போனால் ஒரு சொல்லே மாறிவிடும். உருதுவின் நஸ்தலீக் நடை சரிந்து இறங்குவதால் இதனினும் மிகுந்த உயரத்தை வேண்டும். 1927இல் தொடங்கிச் சென்னையிலிருந்து வெளிவந்த ‘முசல்மான்’ உருது நாளிதழ் நெடுங்காலம் கையெழுத்தாலேயே உருவாக்கப்பட்டதை அறிந்தோர்க்கு, அந்நடையைச் சதுரக் கட்டங்களுக்குள் அடக்குவதன் அருமை விளங்கும்.

சோதித்தல்

ஆண்ட்ராய்டின் உருவாக்குநர் அமைப்புகளில், எம்மொழியிலும் திரையை வலவிடமாகத் திருப்பிக் காட்டும் தெரிவு ஒன்று உள்ளது. அரபு அறியாத நிரலாளரும் அதனைக் கொண்டு பொத்தான்கள், ஓர இடைவெளிகள் ஆகியவற்றின் பிழைகளைக் காணலாம். ஆனால் மேலே விளக்கிய எண் புரள்தல் அச்சோதனையில் வெளிப்படாது. அதற்குக் கலப்புத் தொடர்கள் வேண்டும்: அரபுத்தமிழ்ச் சொல்லை அடுத்த சுவடி எண், தமிழ் எழுத்துப் பெயரை அடுத்த ஆண்டு, தமிழ் எண்ணில் தொடங்கும் பத்தி, அடைப்புக்குறியில் முடியும் வரி. இவற்றை ஒரு கோப்பாகத் திரட்டி, அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் திறன்பேசியைக் கொடுத்து உரக்கப் படிக்கச் செய்து, அவர் சொல்லும் எண்ணை மூலச்சுவடியின் அட்டையிலுள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும்.